யாருடைய கால்கள்?

இன்றைக்குக் காலையில் ஆபீஸ் போய் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து எத்தனை தடவை எழுந்தீர்கள்? சாப்பாட்டுக்கு ஒன்று, பாத்ரூமுக்கு இரண்டு. மேலதிகாரி கூப்பிட்டிருந்தால் நாலு. அவ்வளவுதானே? வெட்கப்படாதீர்கள், என் கணக்கும் அதேதான்.

உட்கார்ந்தே கிடப்பது உடம்புக்கு ஆகாது என்பது கம்ப்யூட்டர் வந்தபிறகு கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1700-ல் இத்தாலியில் ராமாசினி என்ற டாக்டர், தொழிலாளர்களின் வியாதிகளைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். தையற்காரர், செருப்புத் தைப்பவர் எல்லோரும் அதில் வருகிறார்கள். நின்றே வேலை செய்கிறவர்களையும் அவர் விடவில்லை. காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும், புண் வரும் என்கிறார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

அப்புறம் லண்டன். ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் அங்கே மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ், ஒரே புகை. டிரைவர் உட்கார்ந்தபடி. கண்டக்டர் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குகிறார். 1953-ல் முடிவு வெளியானது: மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம். தபால்காரர்களைவிட, உட்கார்ந்து வேலை பார்த்த தபாலாபீஸ் குமாஸ்தாக்களுக்கும் அப்படியே. ஒருவேளை குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வருகிறார்களோ? அந்தச் சந்தேகத்தையும் மாரிஸ் விட்டுவைக்கவில்லை. யூனிஃபார்ம் கொடுக்கும் இலாகாவில் பேண்ட் இடுப்பளவுகளையெல்லாம் வாங்கிப் பார்த்தார்! டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. (மனுஷர் 99 வயது வரை இருந்தார்.)

சரி, எழுந்து நடக்க வேண்டியதுதானே?

இங்கேதான் என் குழப்பம். நம் ஆபீஸ்களில் நடை நின்றுபோகவில்லை, கை மாறியிருக்கிறது. 'தம்பி, அந்த ஃபைலைக் கொஞ்சம்...', 'அண்ணே, ஒரு டீ' என்கிறோம். நம் நடையை இன்னொருத்தர் நடக்கிறார். சாயங்காலம் நாம் ஜிம்முக்குப் பணம் கட்டி, போகுமிடமே இல்லாத டிரெட்மில்லில் அதே நடையைத் திருப்பி வாங்குகிறோம்.

இதை நினைத்து ஒருநாள் நானே எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்து வந்தேன். எங்கள் ஆபீஸ் அட்டெண்டர், ரிட்டயராக இரண்டு வருஷம் பாக்கி, முட்டிவலிக்காரர், முகம் வாடிப்போய் வந்தார். "என்ன சார், என் மேல ஏதாச்சும் கோபமா?"

பதில் சொல்ல வரவில்லை. பக்கத்து சீட்டு நண்பர் சொன்னார்: "எல்லாரும் இப்படிக் கிளம்பினா அவர் வேலைக்கே ஆபத்துய்யா." அதுவும் நியாயம்தான். என் உடம்பு நலத்துக்கு நான் எழுவது, அவர் மரியாதையில் கை வைக்கிறதா?

இப்போது நிற்பவர்களிடம் வருவோம். தீபாவளிக்கு ஜவுளிக்கடை போகிறீர்கள். நீங்கள் ஸ்டூலில். எதிரே ஒரு பெண் நாற்பதாவது புடவையைப் பிரித்துப் போடுகிறாள், காலையிலிருந்து நின்றபடி. கடையில் வேலை செய்கிறவர் உட்கார இருக்கை கொடு என்று 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும். யோசித்துப் பாருங்கள், உட்காருவதற்கு ஒரு சட்டம்! அதே காலத்தில்தான் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் நின்றபடி வேலை செய்ய, உயரத்தை ஏற்றி இறக்கும் மேஜைகளை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள்.

உட்காருவதா நிற்பதா என்பது பாதிக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நினைத்தபோது எழவும், கால் கடுத்தால் உட்காரவும் யாருக்கு முடிகிறது? கால் சென்டரில் இடைவேளையை நிமிஷக் கணக்கில் எண்ணுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் எனக்கும், அநேகமாக உங்களுக்கும், எழுந்திருக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காத ஒன்றை வைத்துக்கொண்டு நாம் சும்மா கிடக்கிறோம். இதற்கு 'வேலைப்பளு' என்று பெயர் வைத்திருக்கிறோம், என்னைப் பொறுத்தவரை அது சுத்தச் சோம்பல்.

மறுநாள் நானே கேன்டீன் வரைக்கும் நடந்து இரண்டு டீ வாங்கி வந்தேன். ஒன்று அட்டெண்டருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கண்ணே" என்றேன். டீயை வாங்கிக்கொண்டார். "இருக்கட்டும் சார்" என்று நின்றபடியே குடித்து முடித்தார்.