மரணமும் நிலவும்

13-ஆம் சீட்டும் 18-ஆம் சீட்டும் அடுத்தடுத்து விழுந்தால் கேட்க வந்தவரின் முகம் வெளுத்துவிடும். ஒன்றில் கறுப்புக் கவசம் பூண்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. மற்றதில் நிலவை நோக்கி நாயும் ஓநாயும் ஊளையிடுகின்றன. அந்த நேரத்தில் உடனே பலன் சொல்லக் கூடாது. முதலில் அவர் படத்தைப் பார்க்கட்டும்.

நான் கையில் வைத்திருப்பது 1909-இல் லண்டனில் வெளிவந்த டாரோ கட்டின் மறுபதிப்பு. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டமிட்டார், பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். நெடுங்காலம் அந்தக் கட்டு பதிப்பாளர் பெயராலும் வெய்ட் பெயராலும் மட்டுமே அழைக்கப்பட்டது. வரைந்தவர் பெயர் விடுபட்டது எனக்கு இன்றும் உறுத்தல்.

மரணச் சீட்டின் வலது ஓரத்தில், தொடுவானத்தில், இரண்டு சின்னக் கோபுரங்கள், நடுவில் சூரியன். குதிரையிலேயே பார்வை நின்றுவிடுவதால் பலர் கண்ணில் இது படுவதில்லை. நிலவுச் சீட்டிலும் இரண்டு கோபுரங்கள், ஆனால் பெரிதாக, கிட்டத்தில். குளத்திலிருந்து சிங்கி இறால் போன்ற ஒன்று கரையேறுகிறது. அங்கே தொடங்கும் ஒற்றையடிப் பாதை அந்த இரு விலங்குகளுக்கும் நடுவே புகுந்து, கோபுரங்களைத் தாண்டி மலைப்பக்கம் போகிறது.

பழைய மார்செய் கட்டில் இவ்விரு சீட்டுகளில் நிலவுக்கு மட்டும்தான் கோபுரங்கள் உண்டு. அங்கே மரணம் நீண்ட கைப்பிடி அரிவாளோடு தரையை அறுத்துக்கொண்டு போகிறது, பின்னால் ஒன்றும் இல்லை. வெய்ட் தம் நூலில் ஒரு சீட்டில் தூண்கள் என்றும் மற்றதில் கோபுரங்கள் என்றும் எழுதுகிறார். இரண்டும் ஒரே இடம் என்று கொள்வது என் வாசிப்பு.

அப்படிக் கொண்டால், தூரத்தில் நின்றவருக்குக் கோபுரங்களின் நடுவே சூரியன் தெரிந்தது. நடந்து அங்கே போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. வேலை போனவரிடம், மணவாழ்க்கை முறிந்தவரிடம், இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். சில மாதம் கழித்து அவர் திசை தெரியாமல் நிற்கிறார், கோளாறு தன்னிடம்தான் என்று நினைத்து மருகுகிறார். அவரிடம் நான் சொல்வது: நீங்கள் வழி தப்பவில்லை, அன்று பார்த்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

நிலவு முதலில் விழுந்து மரணம் அடுத்து வந்தால் கதை வேறு. நெடுநாளாக உள்ளே அரித்த பயம் உருவெடுத்து எதிரே வந்து நிற்கிறது. குதிரையின் முன்னே அரசன் விழுந்து கிடக்கிறான். மதகுரு கைகூப்புகிறார். இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தை மட்டும் மண்டியிட்டு நேரே பார்க்கிறது. இவர்களில் நீங்கள் யார் என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

கேள்வி உடல்நலத்தைப் பற்றியது என்றால் இந்தச் சீட்டுகளை மூடிவிட வேண்டும். அது மருத்துவரிடம் கேட்க வேண்டியது.

ஆறுதலுக்காக 19-ஆம் சீட்டை, சூரியனை, பேச்சில் இழுத்துவருவோர் உண்டு. அதிலும் ஒரு குழந்தை, ஒரு வெள்ளைக் குதிரை. இம்முறை குழந்தை குதிரைமேல் இருக்கிறது. அழகான தொடர்ச்சிதான். ஆனாலும் அந்தச் சீட்டு விழவில்லை. விழாததை வாக்களிக்க எனக்கு மனம் வருவதில்லை. விழுந்த நிலவிலேயே அவரிடம் கேட்க நிறைய இருக்கிறது: குளத்தை விட்டு ஏறும் அந்த உயிரை அவர் எதுவாகப் பார்க்கிறார், பாதை எந்த இடத்தில் அவர் கண்ணுக்கு மங்குகிறது, நாயையும் ஓநாயையும் அவரால் பிரித்துச் சொல்ல முடிகிறதா.