கம்பிவேலிக்கு இந்தப் பக்கம்

கொடைக்கானல் குணா குகைக்குப் போகிறவர்கள் பார்ப்பது குகையை அல்ல, கம்பிவேலியை. ‘டெவில்ஸ் கிச்சன்’ என்றிருந்த இடத்துக்கு 1991-ல் வந்த ‘குணா’ படம் பேரை மாத்திடுச்சு. 2006-ல் குழிக்குள் விழுந்த கேரள இளைஞரை, நண்பர் கயிறு கட்டி இறங்கி மீட்டார். அது 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ ஆனதும் கூட்டம் அள்ளுது.

பிழைத்தவருக்குப் படம் இருக்கு. அதற்குமுன் விழுந்து திரும்பாதவர்களுக்கு? அவர்கள் வீட்டு ஆட்கள் இங்கே வந்தால் எங்கே நிற்பார்கள்?

அதுக்காக யாருமே போகக்கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். சாவு நடந்த இடமெல்லாம் மூடினால் மலையில் நிற்கவே இடமிருக்காது. ஆனால் அதே வேலியில் சாய்ந்து, விழுவதுபோல நடித்து ரீல்ஸ் எடுப்பது எனக்கு உறுத்துது. நண்பர் இறங்கியபோது மீட்க முடியுமா என்றே தெரியாது. நமக்கு முடிவு தெரியும். அதனால்தான் சிரிக்க முடியுது.