சேற்றுக்குள் கிடக்கும் படிக்கல்

(எண்ணூர்க் குப்பத்து ஆலயத்தில் லெந்துகாலத் தியானக் கூட்டத்தில் பேசியது)

ஆற்றில் இறங்கி இறால் தடவுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பல்லில் கடித்த பறிக்கூடை, கை இரண்டும் அடிச்சேற்றில். எங்கே கால் புதையும், எங்கே தாங்கும் என்பது உங்கள் பாதத்துக்குத் தெரியும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த பிறகு அந்தக் கணக்கே மாறிப்போச்சு என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார்கள்.

சேற்றை வைத்தே ஒரு கதை சொன்னவர் ஜான் பனியன். பாத்திரத்துக்குப் பற்றுவைக்கிற தொழிலாளி. பிரசங்கம் பண்ணியதற்காக 12 வருஷம் சிறையில் கிடந்தவர். 1678-இல் வந்த அவருடைய கதையில், பாவ மூட்டை சுமந்த பயணி ஒருவன் அவநம்பிக்கை என்ற சேற்றில் விழுகிறான். கூடவே விழுந்த பக்கத்து வீட்டுக்காரன் தன் வீட்டுப் பக்கக் கரையில் ஏறிப் போய்விட்டான். இவனோ எதிர்க்கரையை நோக்கியே தத்தளிக்கிறான். மூட்டை அழுத்துகிறது. 'உதவி' என்பவர் வந்து, படிக்கல்லைப் பார்க்கவில்லையா என்று கேட்டுவிட்டுக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். சேற்றுக்குள் கல் இருந்திருக்கிறது! பயத்தில் அவன் கண்ணில் படவில்லை.

அப்படி ஒரு சேறு எந்த வரைபடத்திலும் கிடையாது. ஆனாலும் "சந்தேகப்படாதே" என்று நான் நூறு தடவை சொன்னால் காதோடு போகும். சேறு என்றால் உங்கள் காலே கேட்கும்.

கட்டுக்கதைக்கு ஆலயத்தில் என்ன வேலை என்கிறார்கள் சில பெரியவர்கள். நம் ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியனுக்குப் பேர்கூடக் கிடையாதே, ஐயா! திருநெல்வேலிச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை கம்பனில் ஊறி வளர்ந்த வைணவக் குடும்பத்துப் பிள்ளை. 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். கம்பனை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு அவர் உள்ளே வரவில்லை. பனியன் கதையையே 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியமாக்கி 1894-இல் தந்தார். அயல்நாட்டுப் பயணி நம் மண்ணில், நம் செய்யுளில் நடந்தான். இதை நான் பெரிய ஊழியம் என்று நினைக்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வலையும் படகும் கறுத்ததே, அதற்குப் பிறகு ஒரு தம்பி ஜெபத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவனிடம் நான் வசனம் சொல்லவில்லை. இந்தக் கதையைத்தான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "கரையேறின பிறகும் மூட்டை முதுகிலதானே ஐயா இருந்துச்சு?"

ஆமாம் தம்பி, இருந்தது. சிலுவையடிக்கு வந்து சேருகிறவரை இருந்தது.

இன்று மூட்டையோடு வந்திருக்கிறவர்கள் முன்னால் வாருங்கள். சேர்ந்து ஜெபிப்போம்.