150 லிட்டர் தண்ணீர்

வண்டிக்குள் ஏறியதும் மாப்பிள்ளை முதலில் காட்டியது மெத்தையையும் அல்ல, அடுப்பையும் அல்ல. கதவை ஒட்டிய சுவரில் இருந்த ஒரு சின்னப் பலகையை. வரிசையாகக் குட்டி விளக்குகள்: நல்ல தண்ணீர், கழுவிய தண்ணீர், கக்கூஸ் தொட்டி, பேட்டரி. "மாமா, இத அப்பப்போ பாத்துக்கிட்டா போதும்."

நல்ல தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர். நாங்கள் மூன்று பேர். 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவன் நான். 150 லிட்டர் தாராளம் என்றுதான் தோன்றியது.

*

வாடகை மோட்டார்ஹோம். இங்கே அமெரிக்காவில் ஆர்வி என்கிறார்கள். 25 அடி நீளம். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை, அது எனக்கு. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் போகிறது என்று மாப்பிள்ளைக்கு வருத்தம். போர்ட்லண்டிலிருந்து கடலோரத்துக்கு வந்து, 101ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினோம். தெற்கே போனால் கடல் நம் தடத்துப் பக்கமாகவே வரும். கடல் பக்கத்து இருக்கையை மகள் எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

இடப் பக்கம் மலையும் ஸ்ப்ரூஸ் மரங்களும். வலப் பக்கம் பாறையும் நுரையும். சில இடங்களில் காடு இறங்கி வந்து மணலில் கால் வைத்துவிட்டு நிற்கிறது. கடல் காற்றுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை வாரியிருந்தன.

*

புறப்படும்போது சக்கரத்துக்கு வைக்கலாம் என்று நாலு எலுமிச்சம்பழம் வாங்கியிருந்தேன். "வாடகை வண்டிப்பா" என்றாள் மகள். பையிலேயே வைத்துக்கொண்டேன்.

முதல் ராத்திரி அதற்கு வேலை வந்தது. இந்த வண்டியின் ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடுவது. வண்டி மட்டமாக நிற்காவிட்டால் அது சரியாகக் குளிராது. மாப்பிள்ளை போனில் ஏதோ மட்டப்பலகையைத் திறந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். நான் தரையில் ஒரு பழத்தை வைத்தேன். அது குளியலறைப் பக்கம் உருண்டு போய் முட்டியது. "பின்னாடி இடப்பக்கம் தாழ்வு மாப்பிள்ளை." சக்கரத்துக்கு அடியில் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டை ஒன்று, அப்புறம் இன்னொன்று. மறுபடி வைத்தேன். பழம் லேசாக ஆடிவிட்டு நின்றது.

அதற்குப் பிறகு எங்கே நிறுத்தினாலும் அவரே கேட்டார்: "மாமா, பழத்த வைங்க."

*

நெஸ்கோவின் கடற்கரை. கடல் வற்றிய நேரம் பார்த்துப் போக வேண்டும். ஈர மணலில் கருப்பாக நூறு மரக்கட்டைகள் நிற்கின்றன. சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்களின் அடிக்கட்டைகள். வயது சுமார் 2,000 வருஷம். மணலுக்குள் புதைந்து கிடந்தவை. 1997-98 குளிர்காலப் புயல்கள் மணலை வாரிக்கொண்டு போனபோது வெளியே வந்தன.

ஒன்றின் மேல் கை வைத்தேன். மேலெல்லாம் சிப்பியும் பாசியும். சிப்பி இல்லாத இடத்தில் விரல் வைத்தால் மரம்தான், கல்லாகவில்லை. ஒரு நாய் அடுத்த கட்டையை மோந்து பார்த்துவிட்டுக் காலைத் தூக்கியது. அதற்கு மரம் என்றால் மரம்.

*

சாலையோரம் நீல நிறப் பலகைகள். சுனாமி அபாயப் பகுதிக்குள் நுழைகிறீர்கள். சாலை கொஞ்சம் மேலேறியதும், வெளியேறுகிறீர்கள். இறங்கியதும் மறுபடி நுழைகிறீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிழைத்தோம் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

இந்தக் கரைக்கு அப்பால் கடலடியில் ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் நுழைகிறது. கடைசியாக அது பெரிதாக நழுவியது 1700 ஜனவரி 26. தேதி இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் ஜப்பான். அங்கே பூமி அதிராமலே வந்த அலையை எழுதி வைத்திருந்தார்கள். இருநூற்றுச் சொச்சம் வருஷம் அந்த அலைக்குத் தாய் யார் என்று தெரியாமல் இருந்தது.

நம்முடையது 2004 டிசம்பர் 26. இரண்டும் 26. அதில் ஒன்றுமில்லை; இருந்தாலும் மனசு கணக்குப் போடுகிறது. மெரினாவில் காலை நடைக்குப் போய்த் திரும்பாத ஒருவரை எனக்குத் தெரியும். மகளிடம் அதைச் சொல்லவில்லை. அடுத்த பலகை, வெளியேறுகிறீர்கள்.

*

மூன்றாம் நாள் கக்கூஸ் தொட்டி விளக்கு சிவப்பு.

இதற்கென்று முகாம்களில் ஓர் இடம் உண்டு. டம்ப் ஸ்டேஷன். தரையில் மூடி போட்ட ஒரு குழி, பக்கத்தில் ஒரு குழாய். வண்டியின் வயிற்றிலிருந்து மடிப்பு மடிப்பான ஒரு தடித்த ஹோஸை அதில் சொருக வேண்டும். மாப்பிள்ளை கையுறை மாட்டினார். நானும் ஒரு ஜோடி எடுத்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வேணாம் மாமா, நீங்க உள்ள இருங்க." "ஹோஸ் நழுவுச்சுன்னா யாரு பிடிப்பா?"

முதலில் கக்கூஸ் தொட்டி, அப்புறம்தான் கழுவிய தண்ணீர். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து ஹோஸை அலசிவிடும். இந்த முறையை யோசித்தவரைக் கும்பிடலாம். ஹோஸின் முனையில் கண்ணாடி போல ஒரு வளைவு, என்ன போகிறது என்று தெரிவதற்காக. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவரும் நானும் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் ஒரே விஷயத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது ஊரில் தன் அப்பாவின் முழங்கால் ஆபரேஷன் பற்றிப் பேசத் தொடங்கினார்.

*

கலிபோர்னியா எல்லை தாண்டியதும் ரெட்வுட். செம்மரம் என்று எழுதினால் திருப்பதிக் காடு நினைவுக்கு வரும், அதனால் ரெட்வுட் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பெரணிகள் சுவராக வளர்ந்த ஒரு பள்ளத்தாக்கைப் பார்க்க மகளுக்கு ஆசை. அந்தப் பாதையில் 24 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதி இல்லை. எங்களுடையது 25. ஓர் அடி! இன்னொரு மண்சாலை, பெரிய மரங்களை உரசிக்கொண்டு போவது. அதற்கும் மோட்டார்ஹோம் ஆகாது. வீட்டையே கூட்டிக்கொண்டு வந்தால் வீடு போகிற இடத்துக்குத்தான் நாமும் போகலாம். ப்ரெய்ரி க்ரீக் முகாமில் வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். புல்வெளியில் எல்க் மான்கள் படுத்திருந்தன.

உலகத்திலேயே உயர்ந்த மரம் இந்த ரெட்வுட் பூங்காக்களுக்குள்தான் எங்கோ நிற்கிறது. 115 மீட்டருக்கு மேல். 2006இல் கண்டுபிடித்தார்கள். பார்க்க வந்தவர்கள் மிதித்து மிதித்து அடிமண் கெட்டுப்போனதால் 2022இல் அந்த இடத்தையே மூடிவிட்டார்கள். நல்ல காரியம். ரெட்வுட்டின் விதை தக்காளி விதை அளவுதான். ஆணிவேர் கிடையாது, வேர்கள் சில மீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் பக்கவாட்டில் ஓடி, பக்கத்து மரத்தின் வேரோடு பின்னிக்கொள்கின்றன.

இங்கே கோடையில் மழை அநேகமாகக் கிடையாது. கரையோரக் கடல் நீர் சில்லென்றிருக்கும். ஈரக்காற்று அதன் மேல் வரும்போது மூடுபனியாகி உள்ளே நுழைகிறது. மரங்கள் அதை ஊசியிலைகளால் வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக அடியில் விடுகின்றன. வருஷத்துத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கிடைப்பதாக இந்தப் பக்கத்துக் காடுகளில் அளந்திருக்கிறார்கள். அவ்வளவு உயரத்துக்கு வேரிலிருந்து தண்ணீரை இழுப்பது கஷ்டம். உச்சி இலைகள் பனியை நேராகவே குடித்துக்கொள்கின்றன.

*

ராத்திரி குளித்தேன். நடந்த களைப்பு, வெந்நீர் சுகமாக இருந்தது. பாதிச் சோப்பில் பம்ப் வெறுமனே இரைந்தது. பலகையில் நல்ல தண்ணீர் விளக்கு அணைந்திருந்தது. முகாம் குழாய் தள்ளி இருந்தது, வெளியே இருட்டு. துண்டால் துடைத்துக்கொண்டு படுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பரண் படுக்கைக்கு மேல் கூரையில் மழை. கதவைத் திறந்து பார்த்தேன். புல்வெளிப் பக்கம் தரை காய்ந்திருந்தது. மரத்தடியில் மட்டும் பெய்துகொண்டிருந்தது. எவர்சில்வர் டம்ளரை வெளியே மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

காலையில் அதில் அரை விரல்கடை தண்ணீர். ஓர் ஊசியிலை மிதந்தது. மாப்பிள்ளை பிரஷில் பேஸ்டை வைத்துக்கொண்டு உள்ளே குழாயைத் திருகினார், வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் டம்ளரை நீட்டினேன். ஊசியிலையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, பிரஷை அதில் நனைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.