நடுவிலே ஆடும் குழந்தை

சிவாலயங்களின் மகோற்சவ காலத்தில் வீதியுலா எழுந்தருளும் சோமாஸ்கந்த மூர்த்தியைத் தரிசிக்காத சைவ மக்கள் அரிது. உமையோடும் கந்தனோடும் கூடி இருப்பவர் என்பது அத்திருநாமத்தின் பொருள். ஒரே பீடத்தில் ஒருபுறம் அப்பன், மறுபுறம் அம்மை, இருவருக்கும் நடுவில் குழந்தை முருகன். பட்டும் பூமாலையும் சாத்திய அலங்காரத்தில் அக்குழந்தை பெரும்பாலும் மறைந்துவிடும். அபிஷேக வேளையில் உற்றுப் பார்ப்பவர்களுக்கு ஓர் அழகு புலப்படும். செப்புத் திருமேனிகள் பலவற்றில் அக்குழந்தை காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறது. அகில உலகங்களையும் நடத்துகின்ற அம்மையப்பர் அந்தச் சிறிய ஆட்டத்துக்கு இடம்விட்டு இரு பக்கமும் அமர்ந்திருக்கிறார்கள்.

இல்லறத்தில் வாழ்பவர்களுக்கு இத்திருக்கோலம் பெரியதொரு பாடம். பிள்ளை வளர்ப்பு என்றதும் உணவு, உடுப்பு, மருந்து, படிப்பு, ரியூசன் என்று பெற்றோர் கணக்குப் போடுகின்றனர். அவை யாவும் வேண்டியனவே. ஆயினும் பிள்ளை மகிழ்ந்து ஆடும்போது தாயும் தகப்பனும் அதன் இரு பக்கமும் இருப்பதும் வளர்ப்பின் ஒரு கூறு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பிள்ளையோடு கூடிச் சிரிப்பது வேலையற்றவர் செயல் என்று எண்ணுபவர்களும் உளர். அவ்வாறு எண்ணுவதற்குச் சைவத்தில் இடமில்லை.

தமிழ்ப் புலவர்கள் தெய்வத்தையே குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார்கள். அதன் பத்துப் பருவங்களைப் பார்த்தால் குழந்தையின் விளையாட்டுக்களே முன்னிற்கின்றன. கைகொட்டும் சப்பாணி, நிலாவை விளையாட அழைக்கும் அம்புலி, மணல்வீட்டைச் சிதைக்கும் சிற்றில், பறை கொட்டும் சிறுபறை, தேர் உருட்டும் சிறுதேர் என அவை தொடர்கின்றன. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்திலே முருகப்பெருமானின் விளையாட்டுக்கென்றே திருவிளையாட்டுப் படலத்தை அமைத்தார். வள்ளுவரும் மக்கட்பேற்றைப் பேசுமிடத்தில், பிள்ளை கைவிட்டுக் குழப்பிய உணவின் சுவையையும் அதன் மழலையின் இனிமையையும் வியந்து சொல்கிறார். இவற்றைக் கண்டு சொல்வதற்குப் பிள்ளையின் பக்கத்தில் ஒருவர் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

திருஞானசம்பந்தரின் வரலாறு சைவப் பிள்ளைகள் முதலில் கேட்கும் வரலாறுகளுள் ஒன்று. சீகாழியில் சிவபாதவிருதயர் நீராடப் புறப்படுகிறார். மூன்று வயதுப் பிள்ளை தானும் வருவேன் என்று அழுது பின்தொடர்கிறது. தந்தையார் அதட்டி வீட்டில் நிறுத்திவிடவில்லை. கூட்டிச் சென்று கரையில் இருத்திவிட்டு நீரில் மூழ்குகிறார். தந்தையைக் காணாத பிள்ளை கோயிற் சிகரத்தைப் பார்த்து அம்மையையும் அப்பனையும் அழைத்து அழுகிறது. அம்மையப்பர் எழுந்தருளி வருகிறார்கள். பொற்கிண்ணத்தில் ஞானப்பால் கிடைக்கிறது. ஞானம் பெற்ற அப்பிள்ளையைத் தோளில் சுமந்து சென்றவரும் அதே தந்தையார்தாம். திருக்கோலக்காவில் பிள்ளை கைகளைத் தட்டித் தாளமிட்டுப் பாடியது. பிஞ்சுக் கை நோகும் என்று இறைவன் பொற்றாளம் அருளினான். பாட்டும் தாளமுமாகத் தொடங்கியது அந்தப் பக்தி. தகப்பனோடு கூடப் போக வேண்டும் என்ற ஒரு பிள்ளையின் ஆசையே அதற்கு வாயிலாயிற்று.

ஊர்க் கோயில்களும் குடும்பங்கள் கூடி மகிழும் இடங்களாகவே இருந்துவந்தன. திருவிழா என்றால் பாயும் போர்வையும் கொண்டு குடும்பமாக வந்து வீதியில் இடம்பிடிப்பார்கள். நாதஸ்வர தவிற் கச்சேரி, கதாப்பிரசங்கம், சின்னமணியின் வில்லிசை, அம்மன் கோயில்களில் விடிய விடியக் காத்தவராயன் கூத்து. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டம் என்றால் அயலூர்களும் திரண்டு வந்துவிடும். சந்திரமதி மகனை இழந்து புலம்பும் கட்டத்தில் தாய்மார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். மடியில் கிடந்த பிள்ளை, "அம்மா ஏன் அழுறா?" என்று கேட்கும். அப்போது தாய் சொல்லும் இரண்டு வசனம் போதும். பிள்ளைக்கு உண்மையின் விலை விளங்கிவிடும். காந்தியடிகளும் சிறுவயதில் தகப்பனாரின் அனுமதியோடு அரிச்சந்திர நாடகம் பார்த்தார். அந்தக் கதை தமது மனத்தை விட்டு அகலவில்லை என்றும், எல்லோரும் அரிச்சந்திரனைப் போல் உண்மையாய் இருந்தால் என்ன என்று தம்மையே கேட்டுக்கொண்டதாகவும் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். களிப்புக்காகப் பார்த்தது ஒரு வாழ்க்கையின் அடித்தளமாயிற்று.

பின்னர் யுத்தம் வந்தது. 1995 இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் பெயர்ந்தார்கள். பல கோயில்கள் ஆண்டுக்கணக்கில் விளக்கின்றிக் கிடந்தன. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மின்சாரம் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அந்த இருட்டில் அம்மம்மாவும் அப்பப்பாவும் கதை சொன்னார்கள். அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாத நாளிலும் அந்தக் கதை நிச்சயமாக இருந்தது. அன்று அந்த விளக்கடியில் இருந்த பிள்ளைகளே இன்று தாயும் தகப்பனுமாகியிருக்கின்றனர். இன்று வீடெங்கும் வெளிச்சம் உண்டு. ஆனால் ஒரே அறையில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரின் முகமும் நான்கு தொலைபேசிகளில் இருக்கின்றன. 2020 இல் கொரோனா நோய்க்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது படிப்புக்கென்று பிள்ளையின் கைக்குப் போன தொலைபேசி, பல வீடுகளில் பின்பு திரும்பி வரவேயில்லை.

கந்தசஷ்டி ஆறாம் நாள் மாலை சூரன்போர் நடக்கும் வீதியை நினைத்துப் பார்க்கலாம். சூரனைத் தோளில் சுமந்தவர்கள் குலுக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். யானைமுகம் விழுகிறது, சிங்கமுகம் வருகிறது. அதுவும் விழச் சூரனின் சொந்த முகம் தோன்றுகிறது. கூட்டத்தில் ஒரு தகப்பன் தொலைபேசியை உயர்த்திப் படம் எடுக்கிறார். அவருடைய பிள்ளை வேட்டித் தலைப்பைப் பிடித்தபடி கீழே நிற்கிறது. அதற்குத் தெரிவது சனங்களின் கால்கள் மாத்திரம். இரண்டு முறை "அப்பா" என்று கூப்பிடுகிறது; பிறகு விட்டுவிடுகிறது. பக்கத்தில் இன்னொரு தகப்பன் பிள்ளையைத் தோளில் வைத்திருக்கிறார். பயந்துபோன பிள்ளை அவருடைய தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சூரனைக் கொல்லப் போகினமோ அப்பா?" என்று கேட்கிறது. "இல்லை ராசா, அங்கை பார், மாமரமாய் நிண்டவன் மயிலும் சேவலுமாய் வாறான். முருகன் அவனைத் தன்னோடையே வைச்சிருக்கப் போறார்" என்கிறார் தகப்பன். பிள்ளையின் பிடி தளர்கிறது.

கந்தபுராணத்தின் சாரம் முழுவதும் அந்தத் தோளில் வைத்துச் சொல்லப்பட்டுவிட்டது. பகைவனையும் அழிக்காமல் ஆட்கொண்டு, வாகனமாகவும் கொடியாகவும் ஏற்றுக்கொண்ட கருணை அது. குழப்படி செய்யும் பிள்ளையைத் திருத்துவதற்கும் அதுவே வழி. பிள்ளையின் துடிப்பை அடித்து ஒடுக்கினால் ஒன்றும் மிஞ்சாது. அதை நல்வழியில் திருப்பினால் அதுவே மயிலாகும். முதலாவது தகப்பனும் பிள்ளையில் அன்பில்லாதவர் அல்லர். பிள்ளை பிறகு பார்க்கட்டும் என்றுதான் படம் எடுத்தார். படம் இருக்கிறது; பிள்ளை சூரன்போர் பார்க்கவில்லை. பிள்ளை கூப்பிடும் காலம் மிகக் குறுகியது. பதில் வராத இடத்தில் அது நெடுநாள் கூப்பிட்டுக்கொண்டிராது. பதினைந்து வயதில் "இவன் ஒன்றும் கதைக்கிறானில்லை" என்று கவலைப்படும் பெற்றோர், மூன்று வயதில் அவன் எத்தனை முறை கூப்பிட்டான் என்பதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான வழிகாட்டலை வெளியிட்டது. இரண்டு வயது நிறையும் வரை திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது. அதிலும் குறைவது நன்று என்கிறது. பிள்ளை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் கூட இருந்து கதை சொல்வதும் வாசித்துக் காட்டுவதும் சிறந்தது என்றும் அது கூறுகிறது. அம்மம்மாமார் செய்துவந்ததும் அதுவே.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மாலையில் விளக்கேற்றித் தேவாரம் பாடியபின் அரை மணி நேரம் தொலைக்காட்சியையும் தொலைபேசியையும் நிறுத்தி வைக்கலாம். ஆடிப்பிறப்பன்று கொழுக்கட்டைக்கு மாவைப் பிள்ளையின் கையிலும் கொடுக்கலாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவர்களுக்கென்று பாடிய பாட்டுக்களைச் சேர்ந்து பாடலாம். பனங்காய் வண்டில் செய்து கொடுக்கலாம். படம் பார்ப்பதானாலும் குடும்பமாக இருந்து ஒன்றைப் பார்த்து, அதைப்பற்றிக் கதைக்கலாம். திருவிழாவுக்குப் புறப்படுமுன் அன்றைய வாகனத்தின் கதையைச் சொல்லி அழைத்துச் செல்லலாம். கச்சானும் அம்மம்மா குழலும் வாங்கிக் கொடுப்பதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. கோயிலை இனிமையாக நினைவு வைத்திருக்கும் பிள்ளையே வளர்ந்த பின்னும் கோயிலுக்கு வரும். ஆலய பரிபாலன சபையினரும் சிறுவர் நிகழ்ச்சிகளைப் பிள்ளைகள் தூங்குமுன் மேடையேற்றினால் பெரும் புண்ணியமாகும்.

தகப்பன் வெளிநாட்டில் உழைக்கும் வீடுகளும், யுத்தத்தில் தகப்பனையோ தாயையோ இழந்த வீடுகளும் ஊரில் பல உண்டு. அம்மையப்பர் நடுவே பிள்ளை என்னும் கோலத்தைக் காணும்போது அந்தத் தாய்மாரின் மனம் நோகக்கூடும். சீகாழிக் குளக்கரையில் தந்தையைக் காணாது அழுத பிள்ளையிடம் அம்மையப்பரே வந்தார்கள் என்பதை அவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். தொலைவில் உள்ள தகப்பன் தொலைபேசியில் வரும்போது, "படிச்சியோ?" என்று கேட்டு முடித்துவிடாமல் ஒரு கதை சொல்லலாம். ஊரில் உள்ள மாமன், சித்தப்பா, அப்பப்பா, அயல்வீட்டுக்காரர் யாவருக்கும் ஒரு கடமை உண்டு. சூரன்போர் வீதியில் தோளில் ஏற்றுவதற்குத் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளை பக்கத்தில் நிற்குமானால், அதைத் தூக்கித் தம் தோளில் வைத்துக்கொள்வதைவிட மேலான சிவதொண்டு அன்றைக்கு வேறில்லை.

நடுவிலே குழந்தை ஆட இரு மருங்கும் அமர்ந்திருக்கும் அம்மையப்பர், ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் அத்தகைய மகிழ்ச்சி நிலைபெறத் திருவருள் புரிவாராக.