கேட்டலும் அறிதலும்

ஓர் ஓசையைக் கேட்டல் வேறு. அதன் பொருளை அறிதல் வேறு. அறிந்தபின் ஆற்றவேண்டிய கடமையை ஆற்றுதல் பிறிதொன்று. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம், காவற்றுறையின் கைக்குப் புதிய பொறிகள் வந்து சேர்ந்துள்ள இக்காலத்திலே ஆராயற்பாலதாகும்.

துப்பாக்கி வெடியோசையைக் கேட்டுப் பொலிஸாருக்கு அறிவிக்கும் பொறிகள் 1990களின் பிற்பகுதி தொட்டு அமெரிக்க நகரங்களிற் பயன்பட்டு வருகின்றன. அவற்றுட் பெயர் பெற்றது ‘சொட்ஸ்பொட்டர்’ என்பது. கூரைகளிலும் கம்பங்களிலும் ஒலிவாங்கிகள் பொருத்தப்படும். ஓர் ஓசை ஒவ்வோர் ஒலிவாங்கியையும் வந்தடையும் நேரம் நுண்ணிய அளவில் வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கணித்து ஓசை பிறந்த இடம் துணியப்படும்.

இதன் சார்பில் எழும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. அச்சத்தினாலோ அவநம்பிக்கையினாலோ அயலவர் வாய்திறவாத தெருவொன்றில் ஒருவன் சுடப்பட்டு வீழ்ந்து கிடப்பின், பொறியின் அறிவிப்பே அவனுயிரைக் காத்தல் கூடும். 1990 ஆகஸ்ட் 3ஆந் திகதி, இஷாத் தொழுகை வேளையில், இரு பள்ளிவாசல்களில் நூற்றுக்கு மேற்பட்டோரைத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பறிகொடுத்த ஊர் காத்தான்குடி. வெடியோசையின் விலையை அறிந்த அத்தகையதோர் ஊரின் முன் நின்று, பாதுகாப்பு வேண்டும் என்னும் கோரிக்கையை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது.

ஆயினும், புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கும் அளவை நூலார், வழுவான அனுமானம் பற்றியும் எச்சரித்தே சென்றனர். ‘டுமீல்’ என்ற ஓசைக்குத் துப்பாக்கி மாத்திரமே காரணமாவதில்லை. பெருநாள் வெடியும் அவ்வாறே ஒலிக்கும். படுவான்கரை வயல்களில் உழவன் கொளுத்தும் யானை வெடியும் அவ்வாறே ஒலிக்கும். சிக்காகோ நகரின் பொதுக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆராயப்பட்ட 50,176 அறிவிப்புகளுள் 4,556இல் மாத்திரமே, அதாவது 9.1 வீதத்தில் மாத்திரமே, துப்பாக்கிக் குற்றத்துக்கான சான்று கிடைத்தது. எஞ்சியவை யாவும் பொய்யென இதனாற் பெறப்படாது. சுட்டவன் தடயமின்றி மறைந்திருத்தலுங் கூடும். ஆனால், ஒவ்வோர் அறிவிப்பின்போதும் ஆயுதந்தரித்த பொலிஸார், துப்பாக்கியை எதிர்பார்த்த நெஞ்சினராய் ஒரு தெருவினுள் நுழைகின்றனர். அங்கு எதிர்ப்படுபவன் பட்டாசு கொளுத்திய சிறுவனாகவும் இருக்கலாம். அப்பொறிகள் நகரின் 22 பொலிஸ் பிரிவுகளுள் 12இல், பெரும்பாலும் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் வாழும் பகுதிகளில் நிறுவப்பட்டிருந்தன. பிழையின் சுமை எல்லார் தலையிலும் சமமாக இறங்கவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. சிக்காகோ 2024 செப்டெம்பரில் அதன் பயன்பாட்டைக் கைவிட்டது.

இனி, காத்தான்குடியின் பிறிதோர் அனுபவத்தை நோக்குவாம். 2019 ஏப்ரல் 16இல், காத்தான்குடியை அடுத்த பாலமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வெடிக்கவைக்கப்பட்டது. அது ஒத்திகை, ஐந்து நாட்களின் பின் உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த தாக்குதல்களில் 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வெடிப்பு பொலிஸாரின் கவனத்துக்கு வந்தது. வெளிநாட்டு எச்சரிக்கையோ ஏப்ரல் 4இலேயே கிடைத்திருந்தது. தாக்குதலின் சூத்திரதாரி பற்றி அவ்வூர் முஸ்லிம்களே 2017 முதல் முறையிட்டு வந்தனர். கிடைத்த தகவலின்படி செயற்படத் தவறியமை அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் தீர்ப்பளித்தது. அங்கே குறைபட்டது செவியன்று. கேட்டதற்குரிய கடமையை ஆற்றும் மனமேயாம். ஒலிவாங்கிகள் ஆயிரம் இருந்திருப்பினும் அக்குறையை அவை நிரப்பியிரா.

அதன் பின் நிகழ்ந்ததோ இதனினுங் கொடிது. உரியவேளையில் எச்சரித்த மக்களே சந்தேகத்துக்கு உள்ளாயினர்; முஸ்லிம்கள் பலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும் அவசரகால விதிகளின் கீழும் கைதாயினர். மனிதக் குரலைக் கேளாத அதிகாரம், அம்மனிதரின் ஓசைகளை மாத்திரம் உற்றுக் கேட்கத் தொடங்கின், அது காவலாகாது, வேவாகும்.

எனவே, பொறியை முற்றாக ஏற்றலும் முற்றாக மறுத்தலும் பொருந்தா. ஓசை கேட்ட இடத்துக்கு முதலில் விரைவது கைவிலங்கா, அம்புலன்ஸா? பொறி தவறியபோது பொறுப்பேற்பவர் யார்? அது நிறுவப்படும் தெருவில் வாழ்வோரின் சம்மதம் பெறப்பட்டதா? இம்மூன்று வினாக்களுக்கும் நேர்மையான விடை கூறவல்ல அரசின் கையில் அது கருவியாகும். கூறவியலா அரசின் கையில் அது சாக்குப்போக்காகும். செவியின் ஆற்றல் பெருகுந்தோறும் கேட்பவனின் கடமையும் பெருகுகின்றது. அக்கடமையை ஏற்கும் பொறி எதுவும் இதுவரை ஆக்கப்படவில்லை, ஆக்கப்படப் போவதுமில்லை.