அடுத்த பக்கத்தில் அவள் இருக்கிறாளா?

காமிக்ஸ் புத்தகத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். சேரி எரிகிற காலத்தில் இவன் பேட்மேன் கதை சொல்ல வந்துவிட்டான் என்றும் சொல்லலாம். சொல்லட்டும். நான் வரைந்த ஒரு சுவரொட்டியில் செய்த தப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அந்தத் தப்பை நான் கற்றுக்கொண்டது படக்கதைகளில்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எனக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்து விழுகிற முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் புத்தகங்களை வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து வரைந்து பழகினேன். 1984-இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமே மாடஸ்டியின் கதைதான். துப்பாக்கி பிடித்து நிமிர்ந்து நிற்கிற ஒரு பொம்பளையைப் படத்தில் நான் பார்த்தது அதில்தான். ஆனால் ஒரு மாடஸ்டிக்கு நூறு பெண்கள் வேறு மாதிரி இருந்தார்கள். கை கட்டப்பட்டு, தலை தொங்கி, முடி விரிந்து கிடந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒருத்தன் முஷ்டியை மடக்கி நின்றான். விழுந்து கிடக்கிற பெண்ணை எந்தக் கோணத்தில் வரைந்தால் பார்க்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கும் என்பதை என் கை அங்கே கற்றுக்கொண்டது.

பல வருசம் கழித்து எங்கள் பக்கத்தில் ஒரு சம்பவம். கூலி பாக்கியைக் கேட்டுப் போன ஒரு அக்காவை நடுவயலில் வைத்து ஊர்க்காரர்கள் நாலு பேர் அடித்தார்கள். துணியைக் கிழித்தார்கள். கண்டனக் கூட்டம் போட்டோம். சுவரொட்டிக்குப் படம் நான் வரைந்தேன். தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு பெண், கிழிந்த சேலை, பின்னால் வானம் முட்ட எழுகிற ஒரு ஆணின் முஷ்டி. தோழர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். ஒட்டி முடித்த மறுநாள் அந்த அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

“ஏந் தம்பி, நான் இப்பிடியா தலயத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்? களக்கொத்த ஓங்கிக்கிட்டு நின்னனே, அத ஒனக்கு யாரும் சொல்லலியா? டேசனுக்கு நடந்து போயி நாலு பேரு பேரயும் சொல்லிக் குடுத்தது ஆரு? அது ஆரு கை, பின்னால பெருசா வரஞ்சிருக்கியே?”

எனக்குப் பதில் வரவில்லை. அது யார் கை என்று தேடிப் போனபோதுதான், சின்ன வயசில் படித்த மாதிரிக் கதைகளையெல்லாம் வேறு கண்ணோடு திரும்பப் படித்தேன்.

1988-இல் ‘தி கில்லிங் ஜோக்’ என்று ஒரு பேட்மேன் கதை வந்தது. ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்தது. காமிக்ஸை இலக்கியமாக்கிய பிரதிகளில் ஒன்று என்று இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். அதில் பார்பரா கார்டன் என்று ஒரு பெண் வருகிறாள். போலீஸ் கமிஷனர் மகள், நூலகர், ஒரு காலத்தில் பேட்கேர்ள் என்ற பெயரில் சண்டை போட்டவள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறக்கிறாள். ஜோக்கர் சுடுகிறான். குண்டு முதுகெலும்பில் பாய்கிறது. பிறகு அவளது துணியைக் களைந்து போட்டோ எடுக்கிறான். அந்தப் போட்டோக்களை அவள் அப்பாவுக்குக் காட்டி அவரைப் பைத்தியமாக்கப் பார்க்கிறான். ஒரே ஒரு கெட்ட நாள் போதுமா, ஒரு நல்ல மனுசனைப் பைத்தியமாக்க? இதுதான் அந்தக் கதை எழுப்புகிற தத்துவக் கேள்வி. கேள்வி அப்பாவைப் பற்றியது. பதிலும் அப்பாவைப் பற்றியது. கெட்ட நாள் வந்தது மகளுக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்து அவள் பதறுவதும் அப்பாவுக்காகத்தான். கடைசிப் பக்கத்தில் பேட்மேனும் ஜோக்கரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அவளை அங்கே காணவில்லை.

இது ஒரு கதையின் கோளாறு இல்லை. 1973-இல் ஸ்பைடர்மேனின் காதலி குவென் ஸ்டேசியைப் பாலத்திலிருந்து தள்ளிக் கொன்றார்கள். 1994-இல் கிரீன் லாண்டர்ன் கதையில் நாயகனின் காதலியைக் கொன்று ஃப்ரிட்ஜுக்குள் திணித்து வைத்திருந்தார்கள், அவன் வந்து கதவைத் திறந்து பார்க்கட்டும் என்று. இப்படிக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண்களையெல்லாம் 1999-இல் ஒருத்தர் பட்டியல் போட்டார். பட்டியலுக்கு அந்த ஃப்ரிட்ஜின் பெயரையே வைத்தார். கெயில் சிமோன் என்ற அந்த அமெரிக்கப் பெண் அப்போது முடி அலங்காரத் தொழில் செய்துகொண்டிருந்தவர். எத்தனையோ விமர்சகர்கள் கண்ணுக்குப் படாதது, கத்திரிக்கோல் பிடித்த ஒரு வாசகி கண்ணுக்குப் பட்டது. பின்னால் அவரே அந்தக் கதைகளை எழுதுகிற இடத்துக்கும் வந்தார்.

ஆண்களுக்கும் அடி விழத்தானே செய்கிறது என்று இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். விழுகிறது. 1993-இல் பேட்மேனுக்கும் முதுகெலும்பு முறிந்தது. அடுத்த வருசமே எழுந்து பழையபடி மாடி விட்டு மாடி தாவினான். 2012-இல் வந்த ‘தி டார்க் நைட் ரைசஸ்’ சினிமாவில் அவன் முதுகு முறிவதும், பாதாளக் கிணற்றிலிருந்து ஏறி வருவதும் படத்தின் உயிரான பகுதி. அவன் விழுந்தது எழுவதற்காக. பார்பராவுக்கும் முறிந்தது அதே முதுகெலும்புதான். அவள் விழுந்தது, இன்னொருத்தர் எவ்வளவு தாங்குவார் என்று பார்ப்பதற்காக. வலியிலும் இப்படி ஒரு வருணப் பாகுபாடு உண்டு. சிலர் வலி அவர்களுடைய சரித்திரம் ஆகிறது. சிலர் வலி அடுத்தவர் சரித்திரத்துக்கு எரியும் விறகு ஆகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். கொடுமையைக் காட்டாமல் கொடுமையை எதிர்ப்பது எப்படி? காயத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் தலித் எழுத்தே கிடையாது. நம்முடைய சாட்சியங்கள் எல்லாம் காயத்திலிருந்து வந்தவைதான். மூடி மறைக்கிறவன்தான் ஆதிக்கக்காரன். ஆகவே காட்டக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காட்டிய பிறகு அந்தப் பெண் எங்கே போகிறாள் என்று பார்க்கச் சொல்கிறேன். அடுத்த பக்கத்தில் அவள் இருக்கிறாளா? இருந்தால், பேசுகிறாளா? கோபப்படுகிறாளா? தப்பு செய்கிறாளா? சிரிக்கிறாளா? பாமா 1992-இல் ‘கருக்கு’ எழுதியபோது காயம் பட்டவளும் கதை சொன்னவளும் ஒருத்தியாக இருந்தாள். அடுத்த பக்கம் அவள் கையிலேயே இருந்தது.

பார்பராவுக்கும் அடுத்த பக்கத்தைச் சிலர் எழுதத்தான் செய்தார்கள். கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் என்ற இரண்டு பேர். இவளை இப்படி விட்டுவிடுவதா என்று கேட்டு, 1989 தொடங்கி அவளை ‘ஆரக்கிள்’ ஆக்கினார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, கம்ப்யூட்டரும் மூளையுமாக, மொத்த சூப்பர் ஹீரோ கூட்டத்துக்கும் தகவல் கொடுத்து வழிநடத்துகிறவள். பின்னால் பெண்கள் சேர்ந்த ‘பேர்ட்ஸ் ஆஃப் பிரே’ குழுவை நடத்தினாள். நடக்க முடியாத வாசகர்கள் பலருக்குத் தங்களைப் போல் ஒருத்தி அங்கே இருந்தாள். 2011-இல் கம்பெனிக்காரர்கள் கதைகளையெல்லாம் முதலிலிருந்து தொடங்கி அவளைத் திரும்ப நடக்க வைத்தார்கள். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இருபது வருசத்துக்கு மேல் அந்த நாற்காலியிலிருந்தே அவள் கட்டிய வாழ்க்கையை, சரிசெய்ய வேண்டிய ஒரு ஊனமாக மட்டும் பார்த்த பார்வை அது.

படக்கதையிலாவது இவ்வளவு நடந்தது. சினிமா என்ன செய்தது?

2016-இல் ‘தி கில்லிங் ஜோக்’ கார்ட்டூன் படமாக வந்தது. மூலக் கதையில் பார்பராவுக்கு இடமில்லை என்ற குறை தெரிந்து, படத்தின் முன்பகுதியில் அவளுக்கென்று புதிதாக ஒரு கதை சேர்த்தார்கள். அந்தக் கதையில் அவளைப் பேட்மேனோடு படுக்க வைத்தார்கள். இடம் கொடுக்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போய் அவன் ஆசைக்குள்ளேயே உட்கார வைத்த மாதிரி. கடைசியில் பெயர்கள் ஓடுகிறபோது இடையில் வருகிற ஒரு துண்டுக் காட்சியில்தான் ஆரக்கிள் எட்டிப் பார்க்கிறாள். 2008-இல் வந்த ‘தி டார்க் நைட்’ படத்தில், காமிக்ஸில் இல்லாத ரேச்சல் என்ற பெண் சாகிறாள். சினிமாவுக்காகவே படைக்கப்பட்டவள். அவள் சாவில் ஒருத்தன் வில்லனாகிறான், இன்னொருத்தன் துயரத்தைச் சுமக்கிறான். 2014-இல் குவென் ஸ்டேசியைத் திரையிலும் விழ வைத்துக் கொன்றார்கள். 2020-இல் ‘பேர்ட்ஸ் ஆஃப் பிரே’ சினிமா வந்தது. ஒரு பெண் இயக்கினார், பெண்கள்தான் நாயகிகள், சந்தோசம். ஆனால் அந்தக் குழுவை நடத்திய சக்கர நாற்காலிப் பெண் அதில் இல்லவே இல்லை. 2002-இல் ஒரு டிவி தொடரிலும், 2021-இல் இன்னொன்றிலும் அவள் நாற்காலியோடு வந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய திரையில் மட்டும் நாற்காலிக்கு வழி கிடைக்கவில்லை.

பெண்ணுக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்கிறபோதும், எந்தப் பெண்ணுக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேப்டன் மார்வெல் என்ற பட்டத்தை அந்தக் கம்பெனியின் கதைகளில் முதலில் தாங்கிய பெண் மோனிகா ராம்போ என்ற கறுப்பினப் பெண். 1982-இல் வந்தவள். அவெஞ்சர்ஸ் குழுவுக்கே தலைமை தாங்கியவள். அந்தப் பட்டம் 2012-இல் கேரல் டான்வர்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் போனது. 2019-இல் ‘கேப்டன் மார்வெல்’ சினிமா வந்தபோது, பெண் விடுதலையின் வெற்றி என்று உலகமே கைதட்டியது. அதில் மோனிகாவும் இருந்தாள். கேரலை அண்ணாந்து பார்த்து வியக்கிற சின்னப் பிள்ளையாக இருந்தாள். முன்னால் போனவளைக் குழந்தையாக்கிப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். இது நமக்குப் புதுசா? 1995-இல் தலித் பெண்கள் தங்களுக்கென்று ஒரு தேசியக் கூட்டமைப்பு கண்டபோது, “இதிலும் தனியாவா?” என்று கேட்ட மேல்சாதிப் பெண்ணியவாதிகளையும் எனக்குத் தெரியும், கேட்ட நம்ம ஆம்பளைகளையும் தெரியும்.

அந்த ஆம்பளைகளில் ஒருத்தனாகத்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்கக்காரன் கதையில் குற்றம் கண்டுபிடிப்பது சுலபம். நான் ஒட்டிய சுவரொட்டியும் அதே கதையின் ஒரு கட்டம்தான். அடி வாங்கியவள் அக்கா. கோபப்பட்டது நான். மேடையில் பேசியது தோழர்கள். பேப்பரில் பெயர் வந்தது தலைவருக்கு. நோக்கம் நல்லது என்பதால் அவரிடம் கேட்காமல் அவர் உடம்பை வரைய எனக்கு உரிமை வந்துவிட்டதாக நினைத்தேன். நோக்கம் நல்லதாக இருப்பவன்தான் கேட்க மறந்துபோகிறான். எதிரிக்கு அந்த மறதி தேவைப்படுவதில்லை, அவன் தெரிந்தே செய்கிறான். அன்றைக்கு அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் களைக்கொத்து கிடைத்திருக்கும். ஸ்டேஷன் வாசல் கிடைத்திருக்கும். பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிற ஒரு வாய் கிடைத்திருக்கும். அதைப் பார்க்கிற ஊர்க்காரனுக்குப் பயமும், நம்ம பொண்ணுங்களுக்குத் தைரியமும் வந்திருக்கும். நான் வரைந்த படத்தைப் பார்த்து அவர்களுக்கு என்ன வந்திருக்கும்?

ஒட்டிய சுவரொட்டியைத் திரும்ப எடுக்க முடியவில்லை. மழையில் ஊறி அது தானாகக் கிழிகிற வரைக்கும் அந்தத் தெருவில் அவர் தலைகுனிந்தே இருந்தார். அதைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போனார்.

இப்போதும் என்னிடம் படம் கேட்டு வருகிறார்கள். அட்டைக்கு, மாநாட்டுக்கு, நினைவு நாளுக்கு என்று. முன்பெல்லாம் எத்தனை கலர் என்று கேட்பேன். இப்போது வேறொன்று கேட்கிறேன்: “அவங்ககிட்ட கேட்டீங்களா?” பாதிப் பேர் முழிக்கிறார்கள்.